பதினேழு வயதுத் தலைக்கட்டு

போன மாதம் நன்னடத்தை அலுவலர் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: "மேடம், பையனைப் பத்தி அறிக்கையில நல்லதைக் கொஞ்சம் தூக்கி எழுதலாமா, இல்ல உள்ளதை மட்டும்தான் எழுதணுமா?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, "உள்ளதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. அந்தக் கேள்விக்கு அப்படிப் போகிறபோக்கில் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஒரு பையனைப் பற்றி நல்லது எழுதப் போய், அவனைப் பெரியவர்களுக்கான கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். அதை வகுப்பில் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். ஊர்ப் பேர் வேண்டாம். சொன்னால் பையன் யாரென்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், சட்டமும் அதற்கு இடம் கொடுக்காது. அவனுக்கு வேலு என்று வைத்துக்கொள்வோம். பதினேழு வயது முடிய நாலு மாதம் இருந்தது. ஒல்லிப் பையன், கேள்வி கேட்டால் கால் கட்டைவிரலைப் பார்த்துப் பதில் சொல்வான். பொன்னேரிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர், இருவருக்கும் முப்பது வயது இருக்கும், அவனைச் சேர்த்துக்கொண்டு ஒரு விடியற்காலையில் தோணித் துறையில் படகு எஞ்சினைக் கழற்றியிருக்கிறார்கள். எஞ்சினுக்குச் சொந்தக்காரர் எத்திராஜ், இதுவும் நான் வைத்த பெயர்தான், தொழிலுக்குக் கிளம்பி அந்த நேரத்தில் அங்கே வந்துவிட்டார். "டேய் யார்ரா அது?" என்று அவர் கத்தியதும் வேலு கையில் இருந்த படகு தள்ளும் கழியால் ஒரே போடு போட்டான். எத்திராஜின் வலது முன்கை இரண்டு இடத்தில் முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். அந்தக் கையால் அவர் மறுபடி ஈர வலையைச் சேர்த்து இழுக்கவே முடியவில்லை.

கொள்ளை, அதோடு கொடுங்காயம். குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருடம் என்றால் அது கொடிய குற்றம். குற்றவாளி பதினாறு முடித்தவனாக இருந்தால், அவனுக்குக் குற்றம் செய்யும் மனத்திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று இளைஞர் நீதிக் குழுமம் முதலில் பார்க்கும். பார்த்துவிட்டு, இவன் பெரியவன் மாதிரிதான் என்று தோன்றினால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும். பெயரில்தான் குழந்தைகள். அங்கே அவனைப் பெரியவனாகவே விசாரிக்கலாம், தண்டனையும் அந்தக் கணக்கில்தான். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். எனக்கும் மனப்பாடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முடிவை எடுக்கிறவர்கள் கையில் முதலில் போய்ச் சேருவது நாம் எழுதும் அறிக்கைதான் என்பதை நான் அவ்வளவு யோசித்ததில்லை.

விசாரிக்கக் குப்பத்துக்குப் போனேன். நான் திருப்பாலைவனத்துப் பக்கம் நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஏரி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கிருந்து வரும் இறால் மட்டும்தான். ஊரில் ஒருவர் சொன்னார்: "வேலு தலைக்கட்டுமா. அவுங்க நைனா முகத்துவாரத்துல முழுகிப் போனப்புறம் அவன் பேர்லதான் பாடு."

பாடு என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊரே சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். கல்யாணமாகித் தனிக் குடும்பமான ஆணைத் தலைக்கட்டு என்கிறார்கள். தலைக்கட்டுக்குத்தான் பாடு உண்டு. இந்தப் பையனுக்குக் கல்யாணம் இல்லை, மீசைகூட ஒழுங்காக இல்லை, ஆனாலும் தலைக்கட்டு.

எங்கள் பக்கத்தில் அப்பா செத்தால் பதினாறாம் நாள் மூத்த பிள்ளைக்குத் தலையில் உருமால் கட்டுவார்கள். அன்றிலிருந்து அவன்தான் வீட்டுக்குப் பெரியவன். பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தாலும் பஞ்சாயத்தில் அவனைக் கேட்டுத்தான் பேசுவார்கள். தலைக்கட்டு என்றதும் எனக்கு அந்த உருமால்தான் கண்ணில் வந்தது. அடடா, இவ்வளவு சின்ன வயதில் ஊரே மதிக்கிற பையன், ஏதோ கெட்ட சகவாசத்தில் ஒருநாள் தடுமாறிவிட்டான் என்று நினைத்தேன். அவன்மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது. சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். தந்தை இறந்தபின் ஊரார் அவனைத் தலைக்கட்டாக ஏற்றுக்கொண்டனர், பாடு உரிமை பெற்றுக் குடும்பத்தின் முழுப் பொறுப்பையும் சுமக்கிறான், வயது வந்த ஆணுக்குரிய முடிவுகளைத் தானே எடுக்கும் பக்குவம் உள்ளவன். இதுதான் நான் எழுதியது. எழுதி முடித்து இரண்டு முறை வாசித்துப் பார்த்து சந்தோஷப்பட்டேன். என் சர்வீஸில் அவ்வளவு நல்ல தமிழில் ஒரு அறிக்கை எழுதினதில்லை.

குழுமத்தின் உத்தரவு வந்தபோது அதில் என் வரி அப்படியே இருந்தது. ஊரே வயது வந்தவனாக ஏற்றுக்கொண்ட ஒருவனுக்கு, தன் செயலின் விளைவு தெரியாது என்று சொல்ல முடியாது, ஆகவே வழக்கு மாற்றப்படுகிறது என்று போட்டிருந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. குழுமத்தைக் குறை சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்தவள் நான், அவர்கள் படித்தார்கள்.

வேலுவுக்கு இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் ஒரு பெண். என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். உத்தரவு நகலோடு நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மேடம், நீங்க யார் பக்கம்?"

"நான் யார் பக்கமும் இல்லம்மா. அதுதான் என் வேலை."

"அப்ப இது என்ன? முடிவெடுக்கிற பக்குவமாம்! நாப்பது நிமிஷம் பேசினேன், அவன் வாயில இருந்து வந்ததே மூணு வார்த்தை. எதைக் கேட்டாலும் 'மாமாவைக் கேளுங்க'ங்கறான். நீங்க எந்த வேலுவைப் பாத்தீங்க?"

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்கே தெரியும். "எத்தனை கேஸ் பாத்திருக்க நீ?" என்று கேட்டுவிட்டேன். அவள் அசரவில்லை. "இது மூணாவது. அப்பீலுக்கு முப்பது நாள்தான் இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் பார்த்தால் திட்ட வேண்டிய ஆள் அவள் இல்லை என்று தெரிந்தது. மறுநாள் பழவேற்காடு பஸ்ஸில் ஏறினேன்.

வேலுவின் அம்மா ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் மற்றப் பெண்களோடு கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போட்டு வைக்கும் ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள், அதனால் என்னைப் பார்த்தும் பேச முடியவில்லை. கரையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். ஏறி வந்தவளிடம் நேராகவே கேட்டேன், உன் பையனுக்குத் தலைக்கட்டுப் பட்டம் எப்படி வந்தது என்று.

"பட்டமா? நீ இன்னாமா பேசற!" என்றாள். "அவுங்க நைனா போனதும் பாடும் போயிடும். நானு சின்னப் புள்ளைங்கள வெச்சிகினு இன்னா பண்ணுவேன்? பாவம்னு ஊர்ல அவன் பேர எழுதிகினாங்க. பேரு மட்டுந்தாம்மா அவனுது. சீட்டு எடுக்கறது என் தம்பி. வலை கட்டறது என் தம்பி. அவனுக்கு நீஞ்சவே பயம், நைனா போனதுல இருந்து. முகத்துவாரத்துக்கு அவன யாரும் இட்டுகினு போனதே கெடையாது."

"ஊர்க் கூட்டத்துல உக்காருவானா?"

"எங்க உக்கார்றது? பின்னால நின்னுகினு இருப்பான். வாயத் தெறந்தா 'சின்னப் பையன், கம்முனு இரு'னுவாங்க."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன். ஊர் அவனைப் பெரியவனாக ஏற்றுக்கொள்ளவே இல்லை. அப்பா இல்லாத வீட்டுக்குச் சோறு போட ஊர் கண்டுபிடித்த வழி அது. அவன் சின்னப் பையன் என்பதால் காட்டிய இரக்கத்தை, அவன் பெரியவன் என்பதற்கு சாட்சியாக நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரிந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அதே வாரம் வேலுவை வைத்திருந்த கூர்நோக்கு இல்லத்துக்குப் போய் அவனைப் பார்த்தேன். அந்த இரண்டு பேரோடு ஏன் போனாய் என்று இந்த முறை வேறு மாதிரிக் கேட்டேன்: "ஊர்ல உன்னை இன்னானு கூப்புடுவாங்க?" கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மீசை மொளைக்காத தலைக்கட்டுனுவானுங்க மேடம், எல்லாப் பசங்களும். அந்த அண்ணனுங்க ரெண்டு பேரும்தான் 'நீ ஆம்பளடா'ன்னாங்க." சொல்லிவிட்டு அழுதான். எத்திராஜ் கத்தினதும் பயத்தில் அடித்தேன், அடித்ததும் கழியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன் என்றான். போலீஸ் வரும்போதும் அப்படியேதான் படுத்திருந்தானாம்.

இனி என்ன செய்வது? என் மேலதிகாரியிடம் போய் முதல் அறிக்கை தவறு, கூடுதல் அறிக்கை கொடுக்கப் போகிறேன் என்றேன். நல்ல மனிதர்தான். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "எழுதினது எழுதினதுதான். நீங்களே தப்புனு சொன்னா, இதுவரைக்கும் நீங்க எழுதின அத்தனை அறிக்கையையும் ஒவ்வொருத்தனா தோண்டுவான். மெமோ வரும். ரிட்டயர்மென்ட்டுக்கு அஞ்சு வருஷம்தான் இருக்கு. வக்கீல் வேணும்னா வாதாடட்டும்."

பொய் சொல்வானேன், பயந்தேன். ஆனால் எனக்கு இன்னொரு பையனின் முகம் வந்துகொண்டே இருந்தது. அதற்கு முன்னால் வேறு ஊரில் ஒருவன், அவனும் பெரியவனாக விசாரிக்கப்பட்டவன். இருபத்தொன்று ஆனதும் பெரியவர்கள் சிறைக்கு மாற்றினார்கள். வெளியே வந்து ஒரு வருடத்துக்குள் மறுபடி வழக்கு, அதற்கப்புறம் இன்னொன்று. கோர்ட் வராந்தாவில் ஒருநாள் பார்த்து, "ஏம்பா மறுபடியும்?" என்றேன். அவன் கோபப்படவேயில்லை. "உள்ள எனக்கு ஒரு பேர் வெச்சிட்டாங்க மேடம். அங்க அந்தப் பேருக்குத்தான் மரியாதை. வெளிய வந்தா என்னைத் தேடி வர்றதும் அவனுங்கதான். வேற எவன் வேலை குடுக்கறான்?" என்றான். நான் ஆராய்ச்சிக்காரி இல்லை, புள்ளிவிவரம் என்னிடம் கிடையாது. என் கண்ணில் பட்ட பையன்களை வைத்துச் சொல்கிறேன்: சின்னவனாக நடத்தி நம் கண்பார்வையில் வைத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் கரை ஏறினார்கள். பெரியவர்களோடு சேர்த்துக் கட்டி அனுப்பினவர்கள் அநேகமாகத் திரும்பி வந்தார்கள், முன்னைவிடக் கெட்டிக்காரர்களாக.

கூடுதல் அறிக்கை எழுதினேன். அப்பீல் விசாரணையில் நீதிபதி அம்மா என்னைக் கூண்டில் ஏற்றினார்.

"உங்க முதல் அறிக்கை பொய்யா?"

"பொய் இல்லைங்கம்மா. தப்பு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பொய்யா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குங்கம்மா. தப்புங்கறதால எழுதும்போது எனக்கே தெரியல."

அவர் பாடு பற்றிக் கேட்டார், தலைக்கட்டு பற்றிக் கேட்டார், வேலுவின் மாமாவையும் ஊர்த் தலைவரையும் வரவழைத்துக் கேட்டார். உத்தரவை ரத்து செய்து, மறுபடி மதிப்பீடு செய்யும்படி குழுமத்துக்கே வழக்கைத் திருப்பி அனுப்பினார். இந்த முறை குழுமம் அவனைச் சிறுவனாகவே விசாரித்தது. ஒரு வருடம் சிறப்பு இல்லம், அதன்பின் வீட்டிலிருந்தபடியே இரண்டு வருடம் நன்னடத்தை மேற்பார்வை, கூட்டாளிகள் இருவரோடும் சேரவே கூடாது என்ற நிபந்தனையோடு. மேற்பார்வை என் தலையில். மெமோவும் வந்தது, விளக்கம் எழுதினேன், தலை ஒன்றும் போய்விடவில்லை.

ஆக, எல்லாம் சுபம் என்று நினைத்தீர்களானால், அன்று குழுமத்து வாசலில் எத்திராஜ் என்னைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்க வேண்டும். முறிந்த கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இத்த பாத்தியாமா? ஒடஞ்சது பெரியவன் கை. அடிச்சவன் மட்டும் சின்னப் பையனா? பத்து வருசம் உள்ள போட வேணாமா? நீதான அவனுக்கோசரம் கோர்ட்டு கோர்ட்டா போயி பேசின? எனுக்கோசரம் எவன் பேசினான்?"

அவர் கேட்டது நியாயம். மூன்று தடவை அந்தக் குப்பத்துக்குப் போயிருக்கிறேன், அவர் வீட்டு வாசலில் ஒரு தடவைகூட நின்றதில்லை. "என் தப்புதான் அண்ணா" என்றேன். அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டேன், என் நம்பரைக் கொடுத்தேன். "இத்த வெச்சிகினு நான் இன்னா பண்ண?" என்று முறைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் குப்பத்துக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டுக்கும் போனேன். முதல் இரண்டு முறை உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை வெளியே வந்து, வேலுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், அரசாங்கம், ஐஸ் விலை, முகத்துவாரம் மணல் அடைப்பது என்று எல்லாவற்றையும் திட்டினார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலு திரும்பி வந்து எட்டு மாதம் நன்றாகத்தான் போனது. மாமா படகில் வேலை, மாதம் இரண்டு முறை எனக்கு போன். அந்த எட்டாவது மாதத்தில் ஒரு பகல், கலெக்டர் அலுவலகத்தில் மறுஆய்வுக் கூட்டம். எங்கள் துறையின் முறை வரப்போகிற சமயம் போன் அதிர்ந்தது. வேலு. அவனாக அந்த நேரத்தில் கூப்பிட்டதே இல்லை. வெளியே ஓடினேன்.

"அம்மா, அவனுங்க ரெண்டு பேரும் ஜாமீன்ல வந்துகிறானுங்க. துறைல நிக்கிறானுங்க. ஒரு சின்ன வேல கீது, வண்டில ஏறுன்றானுங்க. இன்னா பண்றதுமா?"

"நீ இன்னா சொன்ன?"

"தண்ணி குட்ச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு ஐஸ் பெட்டிக்குப் பின்னால வந்து பேசறேன். வரலன்னா ஊட்டாண்ட வருவோம்ன்றானுங்க. தங்கச்சி மட்டும் கீது ஊட்டுல."

ஏறிவிட்டால் முடிந்தது. நிபந்தனை மீறல், புது வழக்கு, இந்த முறை அவனுக்கு வயதும் பதினெட்டுக்கு மேல். நான் கோர்ட்டில் நின்று சொன்னதெல்லாம் குப்பை. நான் போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். போலீஸுக்குச் சொல்லலாம். ஜீப் வந்தால் மூன்று பேரையும் ஒன்றாகத்தான் அள்ளிக்கொண்டு போவார்கள், நான் போய் இவன் மட்டும் நல்லவன் என்று விளக்குவதற்குள் அவன் பேர் மறுபடி அதே ஆட்களோடு எழுதப்பட்டிருக்கும். மாமா அன்று இவனைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். அம்மா தண்ணீரில், போன் கரையில். ஊர்த் தலைவருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அந்தக் குப்பத்தில் என்னிடம் இருந்த இன்னொரு நம்பர் எத்திராஜுடையது. அவர் வீடும் துறையை ஒட்டித்தான்.

கை கூசத்தான் செய்தது. யாரை அடித்தானோ அவரிடமே போய் அவனைக் காப்பாற்றுங்கள் என்று கேட்பதா? ஆனால் யோசிக்க நேரமில்லை. அடித்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்கு போன் பண்றனு தெரிஞ்சிதான் பண்றியாமா?"

"தெரிஞ்சிதான் அண்ணா."

"உனுக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

"கெடைக்கல."

கட் ஆகிவிட்டது. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. வேலுவும் எடுக்கவில்லை. கூட்டத்துக்கு என் உதவியாளரை உட்காரச் சொல்லிவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறினேன். வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே போனேன். என்னை நானே திட்டிக்கொண்ட திட்டு கொஞ்சமல்ல.

நான் போகும்போது வெயில் சாய்ந்திருந்தது. துறையில் எத்திராஜ் ஒரு கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்திருந்தார். எதிரே மணலில் வேலு வலையைப் பரப்பிக்கொண்டு நண்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

"டேய் பேமானி, காலை ஒடிக்காம எட்றா! கால் போனா எவன் வாங்குவான்?" என்று எத்திராஜ் கத்தினார். அந்த வசவைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

நடந்ததைப் பக்கத்தில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எத்திராஜ் வீட்டிலிருந்து இறங்கி வந்து, நேராக மூன்று பேருக்கும் நடுவில் போய் நின்றாராம். "இவனுக்கு இன்னிக்கி என் வலையில வேல கீது. நீங்க கெளம்புங்க" என்றாராம். அந்த இருவரில் ஒருவன், "பெர்சு, உன் கைய ஒடச்சவனே இவந்தான்" என்றிருக்கிறான். "ஆமா. அதனாலதான் எனுக்கு வலை இழுக்க ஆள் வேணும்" என்றாராம் எத்திராஜ். அதற்குள் துறையில் இருந்தவர்கள் என்னவென்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்ததும் வந்தவர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் அதை முறைப்படி எழுதிக் குழுமத்தில் கொடுத்தேன். யார் வந்தார்கள், வேலு யாருக்கு போன் செய்தான், எத்தனை மணிக்கு என்று உள்ளது மட்டும். அலங்காரம் ஒன்றும் வைக்கவில்லை.

அவன் போன் செய்தானே, அதைப் பாருங்கள். பெரியவனாக விசாரித்து ஐந்து வருடம், ஏழு வருடம் என்று உள்ளே வைத்து அனுப்பியிருந்தால், அந்தப் பகலில் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் யாருக்கு அடித்திருப்பான்? அவனுக்குத் தெரிந்த ஆட்களே துறையில் நின்ற அந்த இரண்டு பேர்தான் என்று ஆகியிருக்கும். நாம் கொடுப்பது மன்னிப்பு என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து நாம் கொடுப்பது கூப்பிட்டால் எடுக்க ஒரு ஆள். அதனால் உங்கள் நம்பரைக் கொடுங்கள். அடிபட்டவர் வீட்டுக்கும் போங்கள், முதல் வாரமே போங்கள், என்னை மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு போகாதீர்கள்.

மேற்பார்வை முடிகிற நாள் வந்தது. என் சர்வீஸும் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் வேலுவின் மேல் ஒரு புகார்கூட இல்லை. எத்திராஜின் படகில்தான் வேலை, கூலிக்கு இல்லை, பங்குக்கு. கடைசி விசாரணைக்கு எத்திராஜ் வர வேண்டிய அவசியமே கிடையாது, யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனால் வேலுவோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, வெள்ளைச் சட்டையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழுமத்தில் இருந்த மாஜிஸ்திரேட் அம்மா புதியவர், கோப்பைப் படித்துவிட்டு, "காயம்பட்டவர் வந்திருக்காரா? உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

எத்திராஜ் எழுந்தார். இந்த மனிதர் வாயைத் திறந்தால் என்ன வருமென்று யாருக்குத் தெரியும்?

"இந்த வாசல்ல அன்னிக்கி கத்துனவன் நாந்தாம்மா" என்றார். "இவன நான் மன்னிச்சிட்டேன்னு எழுதிக்காதீங்க. பனி காலத்துல இந்தக் கை வலிக்கும்போது இவனதான் திட்டுவேன், இவனும் கேட்டுகினு எண்ணெய் காச்சி எட்தாந்து குடுப்பான். நான் இவனுக்கோசரம் அன்னிக்கி துறைக்குப் போவல. எனுக்கோசரம் போனேன். பத்து வருசம் உள்ள போடுங்கனு கத்துனேன். போட்டிருந்தா? பதினோராவது வருசம் இவன் எங்க வருவான்? அதே துறைக்குத்தானம்மா வருவான். அன்னிக்கி எவன் கை?"

மாஜிஸ்திரேட் அம்மா கையெழுத்துப் போட்டார், வழக்கு முடிந்தது, ஆவணங்களை அழிக்க உத்தரவானது. வேலு என் காலைத் தொட வந்தான், நான் நகர்ந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதால் எனக்கு அவன் முகமே சரியாகத் தெரியவில்லை.

எத்திராஜ் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். அங்கிருந்தே கத்தினார்:

"டேய், அழுவாச்சிலாம் அப்புறம் வெச்சிக்கலாம், வாடா! இந்த பஸ்ஸ வுட்டா நாலு மணிக்குத்தான். நாளைக்கி நம்ம பாடு!"